நாற்பது பேருக்காகச் சுவரை இடிக்கலாமா?

வாசகி கேள்வி:

வணக்கம். நாங்கள் மொரீஷியஸில், கத்ர் போர்னில், கோர் தெ கார்ட் மலைக் கோயிலுக்குப் பக்கத்தில் இருக்கிறோம். 1975 புயலில் பழைய தகர வீடு போன பிறகு மாமனார் கட்டிய கான்கிரீட் வீடு. முன்னால் வடக்குப் பார்த்த வராங் (வராந்தா), அடுத்து சலோன் (வரவேற்பறை), அதற்குப் பின்னால் சாப்பாட்டு அறை, மூன்று படுக்கையறை, ஒரே ஒரு குளியலறை. மேற்குப் பக்கம் கராஜ். சமையலறை பின்பக்கத்து மேற்கு மூலையில், கராஜை ஒட்டி. மாமனார் இப்போது இல்லை. மாமியாருக்கு 82 வயது. போன வருடம் இடுப்பெலும்பு முறிந்ததிலிருந்து வாக்கர் பிடித்துத்தான் நடக்கிறார். மகனுக்கு அடுத்த வருடம் கல்யாணம். மாடி கட்டிக்கொண்டு எங்களோடேயே இருப்பதாகச் சொல்கிறான். மகள் பக்கத்துத் தீவான ரீயூனியனில், டிசம்பரில் குழந்தைகளோடு வருவாள். தைப்பூசக் காவடி அன்று சொந்தக்காரர்கள் நாற்பது பேருக்குக் குறையாமல் எங்கள் வீட்டில்தான் சாப்பிடுவார்கள். அதனால் சலோனுக்கும் சாப்பாட்டு அறைக்கும் நடுவில் இருக்கும் சுவரை எடுத்துவிட்டு, வராங்கையும் அலுமினியக் கண்ணாடி போட்டு மூடி, பெரிய கூடமாக்கிவிடலாம் என்கிறார் என் கணவர். மாமியாரைப் பின்னால் சமையலறைக்குப் பக்கத்து அறைக்கு மாற்றினால், விருந்தாளிகள் வரும்போது அவருக்கும் தொந்தரவு இருக்காதாம். சமையலறையை வாஸ்துப்படி தென்கிழக்கு மூலைக்குக் கொண்டுபோகவும் அவருக்கு ஆசை. கையில் இருக்கும் பணம் ஏதாவது ஒரு வேலைக்குத்தான் வரும். எதைச் செய்வது?

பதில்:

அன்புள்ள அம்மா,

முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அந்தச் சுவரில் கை வைக்க வேண்டாம். இருக்கும் பணத்தைச் சலோனில் போடுங்கள்: மாமியாருக்கு அங்கே ஓர் அறை, கூடவே ஒரு குளியலறை. நாற்பது பேருக்குப் புதிதாகக் கூடம் தேவையில்லை, உங்கள் கராஜே போதும்.

முதலில் சுவர். 1960இல் அலிக்ஸ், கரோல் என்று அடுத்தடுத்து இரண்டு புயல் அடித்த பிறகுதான் இந்தத் தீவில் மரமும் தகரமும் விட்டு ஜனங்கள் கான்கிரீட்டுக்கு மாறினார்கள். 1975இல் ஜெர்வேஸ் புயல் மிச்சம் இருந்தவர்களையும் மாற்றியது. அந்தக் காலத்து வீடுகளில் பெரும்பாலும் தூண்கள் குறைவு. மேல் தளத்தைத் தாங்குவது ஹாலோ பிளாக் சுவர்கள்தான். வீட்டுக்கு நடுவில் ஓடும் சுவர் இரண்டு பக்கத்துத் தளத்தின் பாரத்தையும் வாங்கிக்கொள்ளும். அதை எடுக்க முடியாது என்றில்லை. எடுத்த இடத்தில் பீம் வர வேண்டும், பீமின் இரு முனையிலும் தூண் வர வேண்டும், தூணுக்கு அடியில் அஸ்திவாரம் வர வேண்டும். ஆனால் உங்கள் மகன் அதே இடத்துக்கு மேலே ஒரு வீட்டையே வைக்கப் போகிறார். கீழே தாங்கலை எடுத்துவிட்டு மேலே பாரம் ஏற்றுகிற கதை இது. கூடமும் மாடியும் இரண்டுமே வேண்டுமென்றால், ஒரே பொறியாளர் இரண்டையும் சேர்த்துக் கணக்குப் போட்டுக் கையெழுத்துப் போட வேண்டும். ‘இப்போதைக்குச் சுவரை எடுப்போம், மாடியை அப்புறம் பார்ப்போம்’ என்பது மட்டும் கூடவே கூடாது. ‘ஒரு பீம் போட்டால் சரியாகிவிடும்’ என்று மேஸ்திரி சொன்னால், என்ன அளவு பீம், உள்ளே எத்தனை கம்பி, யார் கணக்குப் போட்டது என்று கேளுங்கள். பதிலை எழுத்தில் தராதவரிடம் வேலையைக் கொடுக்காதீர்கள்.

சரி, சுவர் தாராளமாக எடுக்கக்கூடியதாகவே இருந்தாலும் நான் கூடம் வேண்டாம் என்றுதான் சொல்வேன். காவடி ஒரு நாள். தீபாவளி, வருடப்பிறப்பு, புரட்டாசியில் ஒரு கோவிந்தன் பூசை. விரல் விட்டு எண்ணிவிடலாம். மீதி நாளெல்லாம் அந்தக் கூடத்தைப் பெருக்கித் துடைப்பது நீங்கள்தான். கூட்டம் வருகிற நாளில் கூட நம் ஆட்கள் உள்ளே உட்கார மாட்டார்கள். ஆண்கள் கேட் பக்கம், பிள்ளைகள் முற்றத்தில், பெண்கள் சமையலறை வாசலில். நல்ல சோபா போட்ட சலோனில் தனியாக உட்கார்ந்திருப்பது சம்பந்தி வீட்டுக்காரர் மட்டுமே.

மாமியார் விஷயத்தில் கொஞ்சம் கண்டிப்பாகவே பேசுகிறேன், உங்கள் கணவர் கோபித்துக்கொள்ள வேண்டாம். காவடி முடிந்து உங்கள் வீட்டுக்கு வரும் நாற்பது பேரில் பாதிப் பேர் அந்த அம்மாவைப் பார்க்கத்தான் வருகிறார்கள். அவரைப் பின்னறைக்கு அனுப்பினால், வருகிறவர்கள் ஒருவர் பின் ஒருவராகச் சமையலறை வழியாக உள்ளே போய், காலில் விழுந்து கும்பிட்டுவிட்டுத் திரும்புவார்கள். அவருக்கும் தொந்தரவு, குழம்புச் சட்டியோடு நிற்கும் உங்களுக்கும் தொந்தரவு. இது பண்டிகை நாள் கணக்கு. மற்ற நாட்களில் இன்னும் மோசம். அடுப்புச் சத்தம், தாளிக்கிற நெடி, தெரு தெரியாத ஜன்னல். நடக்கக் கஷ்டப்படுகிற ஒருவரை வீட்டின் கடைசி அறையில் வைத்தால் அவர் நடப்பதையே விட்டுவிடுவார்.

ஆகவே சலோன்தான் அவர் அறை. அளவு நீங்கள் எழுதவில்லை. இந்த மாதிரி வீடுகளில் சலோன்தான் எல்லா அறையையும் விடப் பெரிதாக இருக்கும், அதை வைத்துச் சொல்கிறேன். கராஜை ஒட்டிய மேற்குக் கோடியில் குளியலறை. நடுவில் அவருடைய படுக்கை அறை. கிழக்கு ஓரத்தில் வாசலிலிருந்து சாப்பாட்டு அறைக்குப் போக 1.2 மீட்டர் அகலத்தில் ஒரு நடை. புதிதாக வரும் தடுப்புகளுக்குப் பிளாக் வேண்டாம்; ஜிப்சம் பலகையே போதும், குளியலறைப் பக்கம் மட்டும் ஈரம் தாங்கும் ரகம். நாளைக்கு இந்த அறை வேறு எதற்காவது வேண்டுமென்றால் அதிகம் தூசியில்லாமல் கழற்றிவிடலாம். அப்படி வேண்டிவரும். இன்று மாமியாருக்கு, பிறகு பேரப்பிள்ளைகளுக்கு, இன்னும் பத்துப் பதினைந்து வருடத்தில் மாடிப்படி பார்த்து பயப்படும் உங்கள் இருவருக்கே. தரைத்தளத்தில் குளியலறையோடு ஓர் அறை என்பது எந்தக் குடும்பத்துக்கும் ஏதாவது ஒரு காலத்தில் தேவைப்பட்டே தீரும்.

குளியலறையில் கஞ்சத்தனம் வேண்டாம், பணத்தில் பாதி அங்கே போனாலும் பரவாயில்லை. கதவு திறந்த பிறகு மிஞ்சும் வழி 85 சென்டிமீட்டராவது இருக்கட்டும். வாக்கர் மட்டுமில்லை, ஒருநாள் சக்கர நாற்காலியும் போக வேண்டியிருக்கலாம். அந்த நாற்காலி திரும்ப ஒன்றரை மீட்டர் வட்டம் வேண்டும். கதவு வெளிப்பக்கம் திறக்கட்டும், அல்லது தள்ளுகதவாக இருக்கட்டும். உள்ளே யாராவது விழுந்துவிட்டால், உள்பக்கம் திறக்கும் கதவை அவர் உடம்பே அடைத்துக்கொள்ளும். குளிக்கும் இடத்துக்குத் தடுப்புத் திண்டு வைக்காமல், தரையையே வடிகால் பக்கம் லேசாகச் சரித்துவிடுங்கள். டைல்ஸ் வாங்கும்போது கடைக்காரரிடம் ஒன்றைக் கேட்டு வாங்கி, தண்ணீர் ஊற்றிச் செருப்பில்லாமல் மிதித்துப் பாருங்கள். பளபளப்பைப் பார்த்து ஏமாறாதீர்கள். கழிப்பறை இருக்கை தரையிலிருந்து 45 முதல் 48 சென்டிமீட்டர் உயரத்தில் இருந்தால் எழுந்திருக்கச் சுலபம். கைப்பிடி 70 முதல் 80 சென்டிமீட்டர் உயரத்தில். அதைப் பிளாக் சுவரில்தான் அடிக்க வேண்டும். ஜிப்சம் பலகையில் அடித்தால் முதல் தடவை இழுக்கும்போதே கையோடு வந்துவிடும். கழிப்பறையைக் கராஜ் பக்கச் சுவரில் வைக்கச் சொல்வதற்கு அது ஒரு காரணம். இன்னொரு காரணம் கராஜுக்கு வரும்போது சொல்கிறேன்.

வராங்கை மூட வேண்டாம். இங்கே நாம் பூமியின் தென் பாதியில் இருக்கிறோம். ஜூன், ஜூலையில் மத்தியானச் சூரியன் வடக்குப் பக்கம் சாய்ந்து நிற்கும். வடக்குப் பார்த்த உங்கள் வராங்குக்குள் வெயில் ஆழமாக வரும். டிசம்பரில் சூரியன் ஏறக்குறைய உச்சந்தலைக்கு மேலே போய்விடுவதால் அதே வராங் நிழலாக இருக்கும். குளிரில் வெயில், வெயிலில் நிழல், இதைக் காசு கொடுத்து வாங்க முடியாது. கண்ணாடி போட்டு அடைத்தால் கோடையில் வெந்துபோகும், மழைக்காலத்தில் சுவரில் பூஞ்சை பிடிக்கும். மாமியார் அறையிலிருந்து வராங்குக்கு நேராக ஒரு கதவு வையுங்கள்; இரண்டு தரையும் ஒரே மட்டத்தில் வரட்டும். காலையில் அவர் அங்கே வந்து உட்கார்ந்தால் தெருவில் போகிறவர்களெல்லாம் அவருடைய விருந்தாளிகள். அன்றாடம் வருகிறவர்களுக்கும் அதுதான் சலோன். இரண்டு பிரம்பு நாற்காலி, ஒரு மேசை, வேறென்ன வேண்டும்? செருப்புக்கு மட்டும் ஓரமாக ஓர் அலமாரி வைத்துவிடுங்கள். வாசலில் குவியும் செருப்பில் வாக்கர் சிக்கினால் போன வருடம் பட்டதை மறுபடி பட வேண்டிவரும். வராங் முற்றத்தை விட 45 சென்டிமீட்டர் உயரமாக இருந்தால், ஒன்றுக்குப் பன்னிரண்டு சரிவில் சாய்தளம் 5.4 மீட்டர் நீளம் வரும். கிழக்குச் சுவரோரமாக அதை ஓட்ட இடம் இருக்கிறதா என்று இப்போதே பாருங்கள். படிகளையும் எடுத்துவிடாதீர்கள். வாக்கரோடு நடப்பவர்களில் சிலருக்குச் சரிவை விட, கைப்பிடி வைத்த தாழ்வான படிதான் தைரியம் தரும்.

வாஸ்துவைப் பற்றி உங்கள் கணவரோடு சண்டை போட எனக்கு விருப்பமில்லை. ஒன்று மட்டும் சொல்கிறேன். இந்தத் தீவில் வருடம் முழுக்கப் பெரும்பாலும் காற்று தென்கிழக்கிலிருந்துதான் வீசுகிறது. அந்த மூலையில் அடுப்பை வைத்தால் கருவாட்டு வாசனை வீடு முழுக்கச் சுற்றி வராங் வழியாக வெளியேறும். இப்போது உங்கள் சமையலறை இருக்கும் மேற்கு மூலையிலிருந்து புகை அப்படியே வெளியே போய்விடுகிறது. அக்னிக்குத் தென்கிழக்கில் ஒரு விளக்கு ஏற்றி வைத்தால் யாருக்கும் குறை இருக்காது.

இனி நாற்பது பேர். வாழை இலையில் ஏழு கறி பரிமாறும் பந்திக்கு ஆளுக்கு 60 சென்டிமீட்டர் அகலம் வேண்டும். ஒரு பக்கம் பத்துப் பேர் என்றால் ஆறு மீட்டர் நீள மேசை. மேசை அகலம் 75, இரண்டு பக்கமும் நாற்காலிக்கு 60, நாற்காலிக்குப் பின்னால் பரிமாறுகிறவர் வாளியோடு நடக்க இரண்டு பக்கமும் 75. கூட்டினால் 3 மீட்டர் 45. அதாவது ஆறரை மீட்டர் நீளம், மூன்றரை மீட்டர் அகலம் உள்ள கராஜில் இருபது பேர் கொண்ட ஒரு பந்தி சரியாக உட்காரும். இரண்டு பந்தியில் நாற்பது பேர் முடிந்தது. உங்கள் கராஜ் கொஞ்சம் குறைவாக இருந்தால் மூன்று பந்தி. நம் வீட்டு விசேஷங்களில் எல்லாரும் ஒரே நேரத்தில் சாப்பிட்டு நான் பார்த்ததில்லை.

முற்றத்தில் கூடாரம் போட்டால் ஆகாதா என்று கேட்கலாம். புயல் காலம் நவம்பரிலிருந்து ஏப்ரல் வரை, தைப்பூசம் அதன் நட்டநடுவில் வருகிறது. 2024இல் பெலால் புயல் ஜனவரி 15இல் வந்தது. தைப்பூசம் 25ஆம் தேதி. தார்ப்பாயை நம்பிச் சோறு வடிக்க முடியாத மாதம் அது. கராஜுக்குக் கான்கிரீட் கூரை இருக்கிறது. அதிலிருந்து முற்றத்தின் பக்கம் தார்ப்பாய் இழுத்துக் கட்ட, துருப்பிடிக்காத கொக்கிகளைச் சுவரிலும் எதிரே இரண்டு கம்பத்திலும் நிரந்தரமாகப் பதித்துவிடுங்கள். வானிலை நன்றாக இருந்தால் இடம் இரட்டிப்பு, இல்லையென்றால் அவிழ்த்துவிட்டு உள்ளே.

கராஜில் செய்ய வேண்டியவை சின்ன வேலைகள்தான், ஆனால் பலன் பெரிது. எண்ணெய்க் கறை படிந்த தரைக்கு வழுக்காத டைல்ஸ், வாசல் பக்கம் லேசான சரிவு, கழுவிவிட ஒரு குழாய். சமையலறைச் சுவரில் பாத்திரம் நீட்ட ஒரு ஜன்னல். அது மேலே தாங்கும் சுவர் என்பதால் அளவையும் ஜன்னலுக்கு மேலே பாரம் தாங்க வரும் லிண்டலையும் பொறியாளரே சொல்லட்டும். பெரிய டெக்டி (சமையல் அண்டா) வைக்கும் காஸ் அடுப்பு கராஜுக்கு வெளியே, பின்பக்கத் திறந்தவெளியில் இருக்கட்டும். சிலிண்டரை மூடிய இடத்தில் வைக்கவே வைக்காதீர்கள். விரதப் பாத்திரங்களைத் தனியே வைக்கிற வீடென்றால், கராஜின் பின்சுவரில் தரையிலிருந்து உயர்த்தி ஒரு மூடு அலமாரி கட்டிவிடுங்கள். வருடம் முழுக்கப் படுக்கையறை அலமாரிக்கு மேலே அவை தூங்க வேண்டாம்.

எல்லாரும் மறப்பது கை கழுவுகிற இடத்தையும் கழிப்பறையையும்தான். ஒரே குளியலறை உள்ள வீட்டில் நாற்பது பேர் என்றால், கஷ்டம் உட்கார இடமில்லாததால் வருவதில்லை, குளியலறை வாசல் வரிசையால் வருகிறது. மாமியாரின் குளியலறைச் சுவருக்கு மறுபக்கம் கராஜில் ஒரு சிறு கழிப்பறையும் ஒரு நீளமான வாஷ்பேசினும் வைத்துவிட்டால், ஒரே கழிவுக் குழாய் இரண்டுக்கும் போதும். நான் முன்பு சொன்ன இரண்டாவது காரணம் இதுதான். வீட்டுக்குள் யாரும் வர வேண்டியதில்லை, பாட்டியின் கதவை யாரும் தட்ட வேண்டியதில்லை. குழாய் எங்கே போய்ச் சேர்கிறது என்று பார்த்துக்கொள்ளுங்கள். உங்கள் தெருவில் பொதுச் சாக்கடை இணைப்பு இருந்தால் கவலையில்லை. மாமனார் காலத்து செப்டிக் தொட்டி என்றால், மேலே ஒரு குடும்பமும் கீழே இன்னும் இரண்டு கழிப்பறையும் சேரும்போது அது தாங்குமா என்று திறந்து பார்த்தே ஆக வேண்டும்.

மகள் டிசம்பரில் வந்தால் எங்கே படுப்பாள் என்று யோசித்திருப்பீர்கள். மாமியார் முன்னறைக்கு வந்ததும் உள்ளே ஒரு படுக்கையறை காலியாகிறது. மகன் மாடிக்குப் போனதும் இன்னொன்று. அறை கட்டாமலே அறை கிடைத்துவிட்டது.

மாடியைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் அங்கேதான் குடும்பங்கள் உடைவதை நான் அடிக்கடி பார்க்கிறேன். உங்கள் மாமனாரும் எல்லாரையும் போல மொட்டை மாடியில் கம்பிகளை நீட்டி விட்டிருப்பார், ‘பையன் பிற்பாடு கட்டிக்கொள்வான்’ என்று. ஐம்பது வருட மழையும் உப்புக்காற்றும் அந்தக் கம்பியைத் தின்றிருக்கும். துருப்பிடித்த இரும்பு பருத்து, சுற்றியிருக்கும் கான்கிரீட்டைப் பிளந்துவிடும். 12 மில்லிமீட்டர் கம்பியோடு புதுக் கம்பியைச் சேர்த்துக் கட்ட ஏறக்குறைய 60 சென்டிமீட்டராவது நல்ல கம்பி ஒன்றோடொன்று ஒட்டிப் போக வேண்டும். பழையது மெலிந்து பொடிந்துவிட்டால் அதை வெட்டிவிட்டு, தூணில் துளை போட்டுப் புதுக் கம்பியை எபாக்ஸி வைத்துப் பதிக்க வழி உண்டு. அதையும் பொறியாளர்தான் முடிவு செய்ய வேண்டும். அஸ்திவாரத்தின் ஓரத்தில் ஒரு குழி தோண்டி, அகலமும் ஆழமும் பார்த்த பிறகே அவர் மாடிக்குச் சரி சொல்வார். பார்க்காமல் சரி சொல்கிறவர் உங்களுக்கு வேண்டாம்.

கம்பியை விடப் பெரிய கேள்வி, நிலம் யார் பெயரில் இருக்கிறது என்பது. மாமனார் போன பிறகு, சொத்துப் பத்திரம் எழுதும் நோட்டரியிடம் போய்ப் பங்கு எழுதினீர்களா? இல்லையென்றால் அந்த வீட்டில் மாமியாருக்கும் உங்கள் கணவருடைய உடன்பிறந்தவர்களுக்கும் பங்கு இருக்கிறது. நம் சட்டத்தில் பிள்ளைகளின் பங்கை முழுக்க மறுத்துவிட முடியாது. பொதுவாக, நிலத்தின் மேல் கட்டப்படுவது நிலத்துக்குச் சொந்தக்காரருக்கே போகும். மகன் கடன் வாங்கி மாடி கட்டி முடித்த பிறகு, அத்தை ஒருவர் ‘எனக்கும் இதில் பங்கு’ என்றால் அவர் சொல்வதில் தப்பில்லை. வங்கியும் கடன் கொடுக்கும் முன் இதைத்தான் கேட்கும். பங்கைத் தீர்த்துவிட்டு, மாடியைத் தனிச் சொத்தாக எழுதி வைக்க வழி இருக்கிறதா என்று நோட்டரியிடம் கேளுங்கள். எல்லாரும் காவடிக்கு வருகிறார்களே, சாப்பாடு முடிந்து வெற்றிலை போடும் நேரத்தில் பேச்சை எடுங்கள். செங்கல் வந்து இறங்கிய பிறகு எடுக்காதீர்கள்.

மாடிப்படி கிழக்குப் பக்கம் வெளியே இருக்கட்டும், வராங்குக்குள் வேண்டாம். மருமகள் வேலை முடிந்து வரும்போது மாமியார், பாட்டி, பக்கத்து வீட்டம்மா எல்லாரையும் தாண்டித்தான் தன் வீட்டுக்குப் போக வேண்டும் என்றால் ஆறு மாதத்தில் வாடகை வீடு தேட ஆரம்பித்துவிடுவாள். மின்சாரத்துக்கும் தண்ணீருக்கும் தனி மீட்டர் முதல் நாளே போட்டுவிடுங்கள்.

வேலையை இந்த வரிசையில் செய்யுங்கள். இந்த மாதமே நோட்டரியையும் பொறியாளரையும் பாருங்கள். முனிசிபல் அனுமதிக்கு மனுப் போடும்போது சலோன், கராஜ், மாடி மூன்றையும் ஒரே வரைபடத்தில் காட்டுங்கள், கட்டுவது ஒவ்வொன்றாக இருந்தாலும். புயல் காலம் முடிந்து மே மாதம் குளியலறையைத் தொடங்கினால் தீபாவளிக்கு முன்னால் மாமியார் குடியேறிவிடலாம். கராஜ் அதற்கடுத்து, தைப்பூசத்துக்குள். மாடி மகனுடைய பணம் வரும்போது.

ஒரு விவரம் மட்டும் எழுதி அனுப்புங்கள். முறிந்தது எந்தப் பக்க இடுப்பு, அவர் எழுந்திருக்கும்போது எந்தக் கையை ஊன்றுகிறார்? கைப்பிடி எந்தப் பக்கம் வர வேண்டும், கட்டில் எந்தச் சுவரோரம் போக வேண்டும் என்பதையெல்லாம் அதை வைத்துத்தான் வரைய முடியும். சலோனின் நீள அகலத்தையும் சேர்த்து எழுதினால் நல்லது.